கடைக்காரருக்கு உடையும் ஒரு முதல்: வேட்டி, சட்டை, துண்டு, தையல் பற்றிச் சில சொற்கள்

‘ஆள் பாதி, ஆடை பாதி’ என்பது நம் பெரியவர்கள் சொல்லிவைத்த கணக்கு. பாதிக்குப் பாதி என்றால் சரிபங்குக் கூட்டு என்று பொருள். சரிபங்குக் கூட்டாளியை நாம் எவ்வளவு கவனமாகத் தேர்ந்தெடுப்போம்! ஆனால் கடைக்குச் சரக்கு எடுக்கும்போது பருப்பைக் கையில் அள்ளி, கடித்து, முகர்ந்து பார்க்கிற நாம், நமக்கென்று ஒரு வேட்டி எடுக்கும்போது ‘வெள்ளையாக ஒன்று கொடுங்கள்’ என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறோம்.

வணிகர் இதழில் உடையைப் பற்றி எதற்கு என்று உறுப்பினர்கள் கேட்கலாம். குளத்தூர் போன்ற ஊரில் கடைக்குப் பெயர்ப்பலகை இருக்கிறதோ இல்லையோ, கல்லாவில் உட்கார்ந்திருப்பவரின் சட்டைதான் முதல் பெயர்ப்பலகை. சுற்றுப்பட்டிக் கிராமத்திலிருந்து மிளகாய் மூட்டையோடு வரும் விவசாயி, தூத்துக்குடியிலிருந்து வரும் கம்பெனிப் பிரதிநிதி, கடன் மனுவைப் பார்க்கும் வங்கி அதிகாரி ஆகிய மூவரும் நம்மை முதலில் பார்ப்பது கண்ணால்தான். நாணயம் அதற்குப் பிறகுதான் தெரியவரும். இரண்டாவது காரணம் இன்னும் முக்கியமானது. நம் கடைத்தெருவில் நம்மோடு பல தலைமுறையாக இருந்துவரும் ஒரு தொழில் இன்று ஆட்டம் கண்டு நிற்கிறது. அது தையல் தொழில். அதைப் பற்றியும் இக்கட்டுரையில் பேச விரும்புகிறோம்.

கரிசலும் துணியும்

உடைக்கும் நம் மண்ணுக்கும் உள்ள உறவு நேற்று வந்ததல்ல. கரிசல் மண் பருத்திக்கென்றே அமைந்த மண். ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் வடகிழக்குப் பருவமழையை உறிஞ்சி வைத்துக்கொண்டு, மழை நின்ற பிறகும் செடிக்கு ஈரம் கொடுக்கும் குணம் அதற்கு உண்டு. இந்தப் பக்கத்து மானாவாரிப் பருத்தியில் பேர்பெற்றது கருங்கண்ணி. கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் 1901இல் தொடங்கப்பட்டது. கருங்கண்ணியிலிருந்து மேம்பட்ட ரகங்களைத் தெரிந்தெடுத்து, கோவில்பட்டியின் முதலெழுத்தைத் தாங்கிய ‘கே’ வரிசை ரகங்களை அது வெளியிட்டது. இந்த வட்டாரத்துப் பருத்தி ‘டின்னிவெல்லி’ என்ற சந்தைப் பெயரில் தூத்துக்குடித் துறைமுகம் வழியாகக் கப்பல் ஏறிய காலம் உண்டு. நம் மண்ணின் பஞ்சு அயல்நாட்டில் நூலாகித் துணியாகி, மறுபடி நம் ஜவுளிக்கடைக்கே விற்பனைக்கு வந்தது.

அந்தக் கணக்கை முதலில் தட்டிக் கேட்டவர்களில் ஒருவர் ஓட்டப்பிடாரத்து வ.உ.சிதம்பரம் பிள்ளை. 1906இல் அவர் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியது எல்லோருக்கும் தெரியும். தூத்துக்குடியில் தரும சங்க நெசவுச் சாலை என்ற ஒன்றையும், சுதேசிப் பண்டகசாலையையும் அவர் ஏற்படுத்தினார் என்பது பலருக்குத் தெரியாது. 1908இல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்கு அவர் துணை நின்றார். கப்பல், பண்டகசாலை, தறி மூன்றையும் அவர் ஒரே வியாபாரச் சங்கிலியாகப் பார்த்தார். வணிகர்களாகிய நாம் அவரை நினைப்பதற்கு இது ஒன்றே போதும்.

இன்னொரு சம்பவம் மதுரையில் நடந்தது. 1921 செப்டம்பர் 22ஆம் தேதி, மேலமாசி வீதியில் தங்கியிருந்த காந்தியடிகள் தமது பழைய உடையைக் களைந்து அரையாடைக்கு மாறினார். கதர் வாங்கக்கூட வசதியில்லாத ஏழைகளைக் கண்டு எடுத்த முடிவு அது. பத்து ஆண்டுகள் கழித்து 1931இல் லண்டன் அரண்மனையில் மன்னரைப் பார்க்கப் போனபோதும் அவர் அதே உடையில்தான் போனார். உலகமே பேசிய அந்த உடை தீர்மானிக்கப்பட்டது நம் பக்கத்து ஊரான மதுரையில் என்பது நமக்குப் பெருமை.

துண்டுக்குப் பின்னால் ஒரு கதை

இன்று நாம் தோளில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு சர்வசாதாரணமாக நடக்கிறோம். வியர்வை துடைக்க, உட்காருமிடத்தைத் தட்ட, மூட்டை தூக்கும்போது தலையில் சும்மாடாக வைக்க, மத்தியானம் கல்லாவுக்குப் பின்னால் கண்ணயரும்போது விரித்துக்கொள்ள என்று அதற்கு எத்தனையோ வேலை. ஆனால் தென்மாவட்டங்களில் தோளில் துண்டு போடும் உரிமை எல்லோருக்கும் இருந்ததில்லை. மேல்சாதியார் என்று சொல்லிக்கொண்டவர் எதிரே வந்தால் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் இடுப்பில் கட்ட வேண்டும். வேட்டி முழங்காலுக்குக் கீழே இறங்கக் கூடாது. செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். இவையெல்லாம் ‘மரியாதை’ என்ற பெயரில் நடந்த அவமரியாதைகள்.

தென் திருவிதாங்கூரில் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காகப் பல பத்தாண்டுகள் நடந்த தோள்சீலைப் போராட்டம் 1859 ஜூலை 26ஆம் தேதி அரசு அறிவிப்புக்குப் பிறகே ஓரளவு முடிவுக்கு வந்தது. பின்னர் சுயமரியாதை இயக்கத்தார் தோள் துண்டையே ஓர் அடையாளமாக்கினார்கள். நாகசுர மேதை திருவாவடுதுறை டி.என்.ராஜரத்தினம் பிள்ளை கிராப்பும் ஷெர்வானியுமாக மேடை ஏறியது வெறும் ஆடம்பரத்துக்காக அல்ல. கலைஞன் இடுப்பில் துண்டு கட்டி நிற்க வேண்டும் என்ற வழக்கத்துக்கு அவர் தந்த பதில் அது.

இதையெல்லாம் இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. உடை முறை என்று பேசத் தொடங்கினால், எது நல்ல பழக்கம், எது ஒருவரைத் தாழ்த்துவதற்காக ஏற்பட்டது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். பெரியவர் எதிரே வரும்போது மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கி விடுவது நல்ல பழக்கம். வயதுக்குத் தருகிற மரியாதை. ஆனால் ஒருவர் இறக்குவதும் மற்றவர் இறக்காமல் இருப்பதும் பிறப்பால் தீர்மானமானால் அது பழக்கமல்ல, கொடுமை. கடைக்காரருக்கு வாடிக்கையாளர் எல்லோரும் ஒன்றே. யார் வந்தாலும் வேட்டியை இறக்கிவிட்டு ‘வாங்க’ என்று சொல்லுகிற கடையில்தான் கூட்டம் நிற்கும்.

விருதுநகரில் பிறந்த காமராசர் சிறுவயதில் தாய்மாமனின் ஜவுளிக்கடையில் வேலை பார்த்தவர். முதலமைச்சராக 1954 முதல் 1963 வரை இருந்தபோதும் சரி, 1966இல் சோவியத் நாட்டுக்குப் போனபோதும் சரி, அவர் கதர் வேட்டி, தொளதொளவென்ற கதர்ச் சட்டை, தோளில் துண்டு என்ற உடையை மாற்றவில்லை. உடை எளிமையாக இருந்ததால் அவருடைய மதிப்புக் குறைந்ததா? கூடியது என்பதற்கு நாமே சாட்சி.

வேட்டி வாங்கத் தெரிய வேண்டும்

இனி நம் தொழிலுக்கு ஏற்ற முறையில், சரக்கைப் பார்ப்பது போலவே வேட்டியையும் பார்ப்போம்.

முதலில் அளவு. முழம் என்பது ஏறத்தாழ 18 அங்குலம். நாலு முழ வேட்டி 72 அங்குலம், அதாவது சுமார் 1.8 மீட்டர், கடைகளில் 2 மீட்டர் வரை வருகிறது. எட்டு முழ வேட்டி 144 அங்குலம், அதாவது சுமார் 3.6 மீட்டர், 4 மீட்டர் வரை வருவதும் உண்டு. நாலு முழம் கடைக்கும் வீட்டுக்கும் ஏற்றது. எட்டு முழம் இரட்டையாக மடித்துக் கட்டுவதால் மறைவாக இருக்கும். நடந்தால் காற்றில் விலகாது. சபைக்கு அதுவே அழகு. பருமனான உடம்புள்ளவர்கள் நாலு முழத்தில் நீளம் கூடியதைக் கேட்டு வாங்க வேண்டும். வெள்ளை வேட்டியெல்லாம் ஒரே அளவு என்று நினைத்து வாங்கிவிட்டு, உட்காரும்போது தொடை தெரிகிறது என்று வருந்திப் பயனில்லை.

அடுத்தது கவுண்ட். 40, 60, 80, 100 என்று அட்டையில் போட்டிருப்பது விலைக்காக அச்சடித்த எண் அல்ல. ஒரு பவுண்டு எடையுள்ள பஞ்சை 840 கஜம் கொண்ட எத்தனை சிட்டமாக நூற்கலாம் என்பதே கவுண்ட். 60 கவுண்ட் என்றால் ஒரு பவுண்டு நூலின் நீளம் 50,400 கஜம், ஏறத்தாழ 46 கிலோமீட்டர். எண் கூடினால் நூல் மெலிது. 40 கவுண்ட் வேட்டி கெட்டியாக இருக்கும். நாள்தோறும் மூட்டையோடும் தராசோடும் புழங்குகிறவருக்கு அது தாங்கும். 80, 100 கவுண்ட் வேட்டி மெல்லியது, மிருதுவானது. விசேஷத்துக்கு நன்று, ஆனால் கடையில் கட்டினால் ஆணியில் மாட்டிக் கிழியும். நம் கருங்கண்ணிப் பஞ்சு குட்டை இழை கொண்டதாகையால் மிக மெல்லிய நூலுக்கு ஆகாது. அதற்கு நீண்ட இழைப் பருத்தி வேண்டும். கோவையில் உருவாக்கி 1974இல் வெளிவந்த சுவின் ரகம் 100 கவுண்டுக்கு மேலும் நூற்கக்கூடியது.

மூன்றாவது, கைத்தறியா விசைத்தறியா என்பது. 1985ஆம் ஆண்டு மத்தியச் சட்டப்படி கைத்தறிக்கென ஒதுக்கப்பட்ட 11 இனங்களில் குறிப்பிட்ட வகை வேட்டி, துண்டு, லுங்கி ஆகியவையும் உண்டு. 2006 முதல் கைத்தறி முத்திரை வழங்கப்பட்டு வருகிறது. அதைப் பார்த்து வாங்கலாம். துணியை அகலவாட்டில் இழுத்துப் பிடித்து நெய்வதால் கைத்தறித் துணியின் கரை ஓரத்தில் சிறு ஊசித் துளைகள் தெரியும். நெசவில் அங்கங்கே இழை சற்று ஏறி இறங்கி இருந்தால் அது குறையல்ல, கை பட்டதற்கு அடையாளம். 1935இல் தொடங்கப்பட்ட கோ-ஆப்டெக்ஸ் நிலையங்களிலும், நம் பக்கம் எட்டயபுரம், அருப்புக்கோட்டை போன்ற நெசவு ஊர்களிலும் விசாரித்தால் நல்ல சரக்குக் கிடைக்கும். முகூர்த்தத்துக்குப் பட்டு வேண்டுவோர்க்குச் சேலம் வெண்பட்டு இருக்கிறது. புவிசார் குறியீடு பெற்ற சரக்கு அது.

பராமரிப்பையும் சொல்ல வேண்டும். புது வேட்டியை முதல் முறை தனியாக நனைக்க வேண்டும். கரை சாயம் விடுகிறதா என்று தெரிந்துவிடும். மிளகாய்த் தூள், மஞ்சள் கறைக்கு உடனே குளிர்ந்த நீரும் சோப்பும் போட்டு வெயிலில் காயவைத்தால் பெரும்பாலும் வெளுத்துவிடும். எண்ணெய்க் கறை பட்டால் அதன்மேல் அரிசி மாவைத் தூவிச் சிறிது நேரம் கழித்துத் தட்டிவிட்டுத் துவைக்கலாம். கரிசல் சேறு பட்டால் ஈரத்தோடு தேய்க்கக் கூடாது. காயவிட்டு உதிர்த்த பிறகே துவைக்க வேண்டும். நீலம் கொஞ்சமாகப் போட வேண்டும். கஞ்சி மிதமாகப் போட வேண்டும். விறைப்பாகக் கஞ்சி போட்ட வேட்டி மடிப்பில் சீக்கிரம் முறியும்.

இப்போது வெல்க்ரோ ஒட்டிய வேட்டி, பாக்கெட் வைத்த வேட்டி என்றெல்லாம் வந்துவிட்டன. கட்டத் தெரியாத இளைஞர்களுக்கு அவை உதவியாக இருக்கின்றன. குறை சொல்ல ஒன்றுமில்லை. எப்படியாவது கட்டட்டும், கட்டக் கட்டப் பழகிவிடும்.

அளவெடுத்துத் தைப்பதின் அருமை

லண்டனில் சாவில் ரோ என்று ஒரு தெரு இருக்கிறது. உலகப் பணக்காரர்கள் கோட்டு தைக்கப் போகும் தெரு அது. அங்கே தையற்காரர் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனியாக ஒரு காகித வெட்டு வரைந்து, பெயர் எழுதி ஆண்டுக்கணக்கில் பாதுகாப்பார். துணியை வெட்டி, தற்காலிகமாக நூலோட்டி, உடம்பில் போட்டுப் பார்த்துத் திருத்தி, அதன்பிறகே தைத்து முடிப்பார். இதற்கு வாங்கும் கூலியைக் கேட்டால் நம்மில் பலர் அந்தப் பணத்தில் ஒரு வேன் வாங்கலாம் என்று கணக்குப் போடுவோம்.

ஆனால் யோசித்துப் பார்த்தால் நம் ஊர்த் தையற்காரர் செய்வதும் அதே வேலைதான். கழுத்தில் டேப்போடு நின்று உயரம், தோள், மார்பு, கை, கழுத்து என்று எடுத்து, காதில் செருகிய பென்சிலால் நோட்டில் எழுதுகிறார். நம் துணியில் ஒரு சின்னத் துண்டை வெட்டி ரசீதில் பின் அடித்துக் கொடுக்கிறார். அடுத்த முறை போனால் ‘வயிறு ஒரு இஞ்ச் கூடியிருக்கே அண்ணாச்சி’ என்று சொல்லுகிறார். மருத்துவர் சொல்வதற்கு முன்பே நம் உடம்பைப் பற்றி எச்சரிக்கிறவர் அவர்தான்.

தையல் மெஷின் நம் கடைத்தெருவுக்கு வந்த விதமும் வணிகருக்குப் பாடம். சிங்கர் கம்பெனி அமெரிக்காவில் 1851இல் தொடங்கியது. மெஷின் விலை சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாத விலையாக இருந்ததால், 1856 வாக்கில் தவணை முறையில் விற்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. இன்று டி.வி. முதல் டிராக்டர் வரை நாம் பார்க்கும் தவணை வியாபாரத்துக்கு முன்னோடிகளில் ஒன்று அது. நம் நாட்டில் கல்கத்தாவில் 1930களில் உஷா மெஷின் வந்தது. ஒரு மெஷின், ஒரு ஸ்டூல், ஜவுளிக்கடைத் திண்ணையில் ஆறடி இடம் ஆகியவற்றை வைத்தே ஒரு குடும்பம் பிழைத்தது. ஜவுளிக்கடையில் துணி எடுத்தால் திண்ணையிலேயே தைத்து வாங்கிக்கொண்டு போகலாம். இரண்டு வியாபாரமும் ஒன்றையொன்று தாங்கி நின்றன. கடைக்குள் காஜா எடுக்கப் பழகிய பையன் பின்னாளில் கட்டிங் மாஸ்டராகித் தனிக் கடை போட்டான்.

ரெடிமேடில் வராத சில உடைகள் நமக்கு இருக்கின்றன. பட்டாபட்டி டிரவுசரை எடுத்துக்கொள்ளுங்கள். வேட்டிக்குள் போட்டு, உள்பையில் கொள்முதல் பணத்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டு விருதுநகர் மார்க்கெட்டுக்குப் போய்வந்த தலைமுறை நம்முடையது. அந்தப் பை எவ்வளவு ஆழம் வேண்டும், வாயில் பட்டன் வேண்டுமா, நாடா வேண்டுமா என்பதை நம்மிடம் கேட்டுத் தைக்கிறவர் உள்ளூர்த் தையற்காரர்தான். இப்போது செல்போனில் பணம் போய்விடுகிறது. ஆனாலும் சந்தைக்குப் போகிறவருக்கு அந்தப் பை இன்றும் தேவைப்படுகிறது.

கடைக்காரருக்கு ஏற்ற சட்டை எது என்றும் சொல்லிவிடுகிறோம். நாம் நாள் முழுவதும் மேல் தட்டிலிருந்து டப்பா எடுக்கிறோம், மூட்டை பிரிக்கிறோம், குனிந்து அளக்கிறோம். ஆகவே அக்குள் பகுதி இறுக்கமாக இருக்கக் கூடாது. முதுகில் ஒரு மடிப்பு விட்டுத் தைக்கச் சொன்னால் கை தூக்கும்போது சட்டை மேலேறாது. அரைக்கை வேலைக்கு வசதி. பாக்கெட் பேனாவும் சீட்டும் தாங்கும்படி ஓரத்தில் இரட்டைத் தையல் போட்டிருக்க வேண்டும். உயரம் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் வேட்டியின் இடுப்புக் கட்டு மறையும். துணி கணக்கு இது: 36 அங்குல அகலத் துணியில் அரைக்கைச் சட்டைக்குச் சுமார் 2 மீட்டர், முழுக்கைக்கு 2.25 முதல் 2.5 மீட்டர் வேண்டும். 58 அங்குல அகலமானால் முழுக்கைக்குச் சுமார் 1.6 மீட்டர், பேண்டுக்கு 1.2 முதல் 1.3 மீட்டர் போதும். பருத்தித் துணியானால் ஓர் இரவு தண்ணீரில் நனைத்து, காயவைத்து, அதன்பிறகே தைக்கக் கொடுக்க வேண்டும். ‘தையற்காரர் சட்டையைச் சின்னதாக்கிவிட்டார்’ என்ற பழியில் பாதி, நனைக்காமல் கொடுத்த நம்மால் வந்ததாகத்தான் இருக்கும்.

சபைக்குச் சில முறைகள்

கடையில்: காலையில் கடை திறக்கும்போது துவைத்த உடை இருக்க வேண்டும். விலை உயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை. உணவுப்பொருள் விற்கிறவர் உடையில் அழுக்கு இருந்தால் வாடிக்கையாளர் சரக்கிலும் அழுக்கு இருப்பதாகவே நினைப்பார். பனியனோடு கல்லாவில் உட்காருவதைத் தவிர்க்கலாம். கரிசல் வெயிலில் புழுக்கம் என்றால் மெல்லிய பருத்திச் சட்டையே பனியனைவிடக் குளிர்ச்சி.

கல்யாணத்தில்: எட்டு முழ வேட்டி, வெள்ளை அல்லது வெளிர்நிறச் சட்டை. கறுப்பைத் தவிர்ப்பது நம் வழக்கம். மணமக்கள் வீட்டாரைவிடப் பகட்டாகப் போகாமல் இருப்பது நாகரிகம். புது வேட்டியானால் ஓரத்தில் மஞ்சள் தடவிக் கட்டுவது நம் வீடுகளில் இன்றும் உண்டு. மாப்பிள்ளைக்குத் தலைத்தீபாவளிக்கு வேட்டி சட்டை எடுக்கும்போது அவருடைய அளவைக் கேட்டு எடுப்பது மாமனாருக்கு அழகு.

துக்க வீட்டில்: வெள்ளை அல்லது வெளிர்நிறம், பளபளப்பு இல்லாத கரை. கோடி எடுத்துப் போகும் முறையுள்ளவர்கள், உபயோகப்படும் தரத்தில் துணி எடுத்தால் அது அந்தக் குடும்பத்துக்கு உதவும். பெயருக்கு ஒரு சல்லாத் துணி எடுப்பதில் யாருக்கும் பயனில்லை.

கோயிலில்: திருச்செந்தூர் போன்ற தலங்களில் ஆண்கள் மேல்சட்டையைக் கழற்றிவிட்டே சுவாமி தரிசனம் செய்ய வேண்டும். வேட்டியும் துண்டுமாகப் போகிறவருக்கு அங்கே சிரமமே இல்லை.

கூட்டத்தில்: நம் சங்கக் கூட்டங்களில் ஒரு முறை போர்த்தி மடித்து அலமாரியில் போடும் பளபளப்புப் பொன்னாடைக்குப் பதில் கைத்தறித் துண்டு போர்த்தலாம். வாங்குகிறவர் அதைத் தினமும் உபயோகிப்பார். நெய்தவர் வீட்டிலும் அடுப்பு எரியும்.

வேட்டிக்கு வந்த சட்டம்

2014 ஜூலை 11ஆம் தேதி சென்னை சேப்பாக்கத்தில் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் கிளப்பில் நடந்த ஒரு புத்தக வெளியீட்டு விழாவுக்கு வேட்டி கட்டிப் போன உயர்நீதிமன்ற நீதிபதி டி.அரிபரந்தாமன் உள்ளே அனுமதிக்கப்படவில்லை. ஆங்கிலேயர் காலத்து உடை விதி அங்கே அப்படியே இருந்தது. தமிழகமே கொதித்தது. அடுத்த மாதமே சட்டமன்றத்தில் சட்டம் நிறைவேறியது. அதன்படி எந்தக் கிளப்பும், சங்கமும், நிறுவனமும் வேட்டி கட்டியவரை உடைக்காக வாசலில் நிறுத்தக் கூடாது. மீறினால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம், உரிமமும் ரத்தாகலாம். 2019இல் தலைமைச் செயலக ஊழியர் உடை பற்றி வந்த அரசு ஆணையிலும் ஆண்கள் வேட்டி அணியலாம் என்று சொல்லப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் ஸ்டாக்ஹோமில் பொருளாதார நோபல் பரிசை அபிஜித் பானர்ஜி வேட்டி கட்டித்தான் பெற்றுக்கொண்டார்.

இந்தச் சட்டம் நமக்கும் பொருந்தும் என்பதை வியாபாரத்துக்காக நட்சத்திர ஓட்டலுக்கும் கம்பெனிக் கூட்டத்துக்கும் போகிற உறுப்பினர்கள் நினைவில் வைக்க வேண்டும். பேண்டு போட்டால்தான் மதிப்பு என்று தயங்க வேண்டியதில்லை.

தையற்கடை மூடினால் நமக்கு என்ன?

இனி விஷயத்துக்கு வருகிறோம். ரெடிமேடு சட்டை விலை குறைந்துவிட்டது. செல்போனில் ஆர்டர் போட்டால் வீட்டுக்கே வருகிறது. 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரையுள்ள ஆயத்த ஆடைக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதமாகிவிட்டது, அதற்கு மேற்பட்டதற்கு 18 சதவீதம். துணி விலையும் தையல் கூலியும் சேர்ந்தால் ரெடிமேடைவிடக் கூடுகிறது என்று வாடிக்கையாளர் சொல்கிறார். தையற்காரரின் மகன் அந்தத் தொழிலுக்கு வருவதில்லை, திருப்பூருக்குப் போகிறான். இருக்கிற தையற்கடைகளில் பாதிநாள் வேலை ரெடிமேடு பேண்டின் கால் மடிப்பதும் ஜிப் மாற்றுவதுமாக இருக்கிறது.

இது நமக்குப் பழக்கமான கதை இல்லையா? பெரிய சூப்பர் மார்க்கெட்டும் ஆன்லைன் மளிகையும் வந்தபோது நாம் என்ன சொன்னோம்? ‘எங்களிடம் வாங்குங்கள், உங்கள் முகம் எங்களுக்குத் தெரியும், அவசரத்துக்குக் கடன் தருவோம்’ என்று சொன்னோம். அதே நியாயம் தையற்காரருக்கும் உண்டு. நாம் மட்டும் உள்ளூரில் வாங்கச் சொல்லி ஊரைக் கேட்டுக்கொண்டு, நம் சட்டையை ஆன்லைனில் வாங்கினால் நம் பேச்சை யார் மதிப்பார்கள்? தையற்காரர் வீட்டு மளிகைக் கணக்கு நம் பேரேட்டில்தான் இருக்கிறது. அவர் கடை மூடினால் நம் வரவிலும் ஒரு வரி அடிபடும்.

கரிசல் காட்டின் பணப்புழக்கத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். தீபாவளி வருவது ஐப்பசியில். அப்போதுதான் விதைப்பு நடக்கும், கையில் காசிருக்காது. உளுந்து, பாசி, சோளம், மிளகாய், பருத்தி என்று வெள்ளாமை வீடு வந்து பணம் புரள்வது தை முதல் பங்குனி வரை. பட்டணத்துத் தீபாவளிக் கணக்கை வைத்துக்கொண்டு ஜவுளியும் தையலும் நடத்தினால் நம் பக்கத்தில் ஒத்துவராது. பொங்கல், பங்குனி உத்திரக் குலதெய்வ வழிபாடு, சித்திரைக் கொடை ஆகியவைதான் நம் துணி சீசன். 1983 முதல் அரசு பொங்கலுக்கு இலவச வேட்டி சேலை வழங்கிவருவதும் இந்தச் சமயத்தில்தான். தறிகளுக்கு வேலை கொடுப்பதும் அத்திட்டத்தின் நோக்கம்.

ஆகவே உறுப்பினர்கள் முன் நாம் வைக்கும் யோசனைகள் இவை:

1. ஒவ்வொரு கடைக்காரரும் ஆண்டுக்கு இரண்டு சட்டையாவது உள்ளூர் ஜவுளிக்கடையில் துணி எடுத்து உள்ளூரில் தைப்பது. கடைப் பையன்களுக்குத் தீபாவளி போனஸோடு கொடுக்கும் உடையும் அப்படியே.

2. தையல் ஆர்டரைப் பண்டிகைக்கு முந்தின வாரம் மொத்தமாகக் கொண்டுபோய்க் குவிக்காமல் ஒரு மாதம் முன்பே கொடுப்பது. கொடுக்கும்போது பாதிக் கூலியை முன்பணமாகக் கொடுப்பது. நூலும் பட்டனும் வாங்க அவருக்கு அது முதலாகும்.

3. ஜவுளிக்கடை உறுப்பினர்கள் பழையபடி திண்ணையிலோ கடைக்குள்ளோ தையற்காரருக்கு இடம் தருவது. துணி எடுத்தால் அங்கேயே தைத்துத் தருவோம் என்பது ஆன்லைன் கடைக்காரரால் செய்ய முடியாத காரியம்.

4. அரசு உதவிகளை எடுத்துச் சொல்வது. தையல் தொழிலாளர்களுக்கென்று தமிழ்நாட்டில் தனி நல வாரியம் இருக்கிறது. பதிவு செய்தவர்களுக்கே கல்வி உதவி, ஓய்வூதியம் போன்றவை கிடைக்கும். 2025 ஏப்ரலில் தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டத்தில் தையலும் சேர்ந்திருக்கிறது. 35 வயது நிறைந்தவர்கள் 3 லட்சம் ரூபாய் வரை கடனுக்கு விண்ணப்பிக்கலாம், 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியம் உண்டு. விவரங்களைத் தூத்துக்குடி மாவட்டத் தொழில் மையத்தில் கேட்கலாம். மனு எழுதவும் கணக்குக் காட்டவும் தெரிந்தவர்கள் நம் சங்கத்தில் பலர் இருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு தையற்காரருக்கு உதவினால் போதும்.

சட்டையைப் பார்த்து எடைபோட வேண்டாம்

கடைசியாக ஒன்று. நம் உடையைப் பற்றி இவ்வளவு பேசினோம். வாடிக்கையாளர் உடையைப் பற்றியும் ஒரு வார்த்தை. காட்டிலிருந்து நேராக வருகிறவர் கிழிந்த பனியனும் சேறு படிந்த காலுமாகத்தான் வருவார். அவருக்குப் பத்து ஏக்கர் கரிசல் இருக்கலாம். ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். இரண்டு பேருக்கும் ஒரே குரலில் ‘என்ன வேணும் அண்ணாச்சி’ என்று கேட்க வேண்டும். பளிச்சென்று உடுத்தி வந்தவரை முதலில் கவனித்துவிட்டு, அழுக்குச் சட்டைக்காரரைக் காக்கவைக்கும் வழக்கம் சில கடைகளில் இருக்கிறது. காத்திருந்தவர் ஒன்றும் சொல்லமாட்டார். ஆனால் மறுவாரம் அடுத்த கடைக்குப் போவார்.

இடைசெவலைச் சேர்ந்த கு.அழகிரிசாமி ‘ராஜா வந்திருக்கிறார்’ என்ற சிறுகதையில் கரிசல் கிராமத்து ஏழைக் குடும்பம் ஒன்றின் தீபாவளியை எழுதியிருக்கிறார். தங்களுக்கே துணி போதாத வீட்டில், ஆதரவற்று வந்த ஒரு சிறுவனுக்கும் உடுத்தப் புதுத்துணி கிடைத்துவிடுகிறது. நம் மண்ணின் உடை நாகரிகம் அதில் இருக்கிறது.

உறுப்பினர்கள் மேற்கண்ட நான்கு யோசனைகளையும் யோசித்து, அடுத்த பொதுக்குழுவில் தங்கள் கருத்தைச் சொல்லக் கேட்டுக்கொள்கிறோம். வரும்போது உள்ளூரில் தைத்த சட்டையோடு வந்தால் இன்னும் மகிழ்ச்சி.